அயலும் மனையும்

ஒருவர் தம் வாழ்நாளில் செய்யும் கொள்வினைகளுள் வீடு வாங்குதலே பெரிது. துணி சாயம் போயின் வேறு துணி கொள்ளலாம். மாடு பால் வற்றின் வேறு மாடு பிடிக்கலாம். வீடோ அத்தகையதன்று. பல்லாண்டுச் சேமிப்பு முழுவதும் ஒரே நாளில் அதனிடம் சென்று சேர்கிறது. ஆகவே, வாங்குவோர் சுவரைத் தட்டிப் பார்க்கின்றனர். கிணற்று நீரைச் சுவைத்துப் பார்க்கின்றனர். மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டுகின்றனர். எனினும், எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத செய்தி ஒன்று உண்டு. நான்கெல்லை கூறுமிடத்தில், ‘கிழக்கே இன்னாருடைய மனை’ என்று மட்டுமே பத்திரம் சொல்லும். அம்மனையில் வாழ்வோர் எத்தகையர் என்பதை அது சொல்லாது.

பண்டைக் கிரேக்கத் தலைவராகிய தெமிஸ்டோக்கிளீஸ் தம் நிலம் ஒன்றை விற்க முற்பட்டபோது, ‘இந்நிலத்திற்கு நல்ல அயலாரும் உண்டு’ என்று கூவி அறிவிக்குமாறு பணித்தார் எனப் புளூட்டார்க் எழுதியுள்ளார். சீனத்து அறிஞர் மென்சியசின் தாயைப் பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. முதலில் அவர் இடுகாட்டின் அருகே குடியிருந்தார். சிறுவன் ஈமச் சடங்குகளைப் போலச் செய்து விளையாடினான். பின்னர்ச் சந்தையின் அருகே குடிபுகுந்தார். சிறுவன் வணிகரைப் போலக் கூவி விளையாடினான். இறுதியில் பள்ளி ஒன்றன் அருகே சென்றார். சிறுவன் கற்போரின் ஒழுக்கத்தைப் பின்பற்றினான். ‘இதுவே என் மகனுக்கு ஏற்ற இடம்’ என்று அத்தாய் அங்கேயே தங்கினார்.

கற்போர் அருகில் வாழ்தல் எப்பொழுதும் இத்துணை இனிதாக அமைவதில்லை. இங்கிலாந்தில் ஆக்சுபோர்டு நகரில் 1355ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மதுக்கடையில் மாணவர் சிலர் தொடங்கிய பூசல் பெருங்கலகமாக மூண்டது. மாணவரும் ஊராருமாகப் பலர் மாண்டனர். அதன் பொருட்டு நகரத்தார் ஆண்டுதோறும் செலுத்திய தண்டம் 1825இல்தான் நின்றது. மாணவர்க்கும் ஊரார்க்கும் இடையே எழும் பிணக்கு நேற்றுத் தோன்றியதன்று.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கடலோரத்தில், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், கல்பாக்கத்தை ஒட்டி அமைந்த ஊர் புதுப்பட்டினம். அருகே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய பழங்கோட்டை உள்ளது. கல்பாக்கத்தில் 1971இல் அணு ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது; 1983இல் அணுமின் நிலையத்தின் முதல் உலை மின்சாரம் வழங்கத் தொடங்கியது. வடக்கே மாமல்லபுரத்தில், 1957இல் தோன்றிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. பணியின் பொருட்டும் பயிற்சியின் பொருட்டும் வெளியூரார் வந்து தங்கும் பகுதி இது.

அரசு மருத்துவமனைகளில் முப்பதாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வூரில் வீடு தேடி வந்தார். அதுவரை அவர் வாழ்ந்தவை எல்லாம் வாடகை வீடுகளே. உடன் இருந்தவர் எண்பது வயதைக் கடந்த தாயார் ஒருவரே. முதியவருக்குத் தூக்கம் மெல்லியது. இலை விழும் ஓசைக்கும் விழித்துக்கொள்வார்.

தரகர் காட்டிய வீட்டில் இரண்டு அறைகளும், இனிய நீர் ஊறும் கிணறும், மூன்று தென்னை மரங்களும் இருந்தன. விலையோ அக்கம்பக்கத்து வீடுகளின் விலையைவிடக் குறைவு. காரணம் வினவியபோது தரகர் சற்றுத் தயங்கிப் பின் உண்மையைக் கூறினார். கிழக்கு வீட்டில் மாணவர் எழுவர் வாடகைக்கு இருந்தனர். கல்பாக்கத்தில் பயிற்சி பெறுவோர் ஐவர். சிற்பம் கற்போர் இருவர்.

செய்தி கேட்ட தம்பி, “அக்கா, விலை குறைவென்று மகிழ வேண்டா. ஏழு இளைஞர் கூடிய வீடு சத்திரத்திற்கு ஒப்பானது. வாடகை வீடாயின் பிடிக்காதபோது காலி செய்யலாம். சொந்த வீட்டை விட்டு எங்கே செல்வீர்கள்?” என்றார். “காதால் கேட்டதைக் கண்ணாலும் பார்த்து வருகிறேன்” என்றார் அக்காள்.

முதன்முறை அவர் காலை வேளையில் சென்றார். நான்கு மோட்டார் சைக்கிள்கள் சந்தை அடைத்து நின்றன; உடலைத் திருப்பிக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. மதிலோரம் குப்பைப் பைகள் கிடந்தன. இரண்டாம் முறை சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்குச் சென்றார். மாடியில் பாட்டும் சிரிப்பும் உரத்து ஒலித்தன; எதிர்வீட்டில் கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளில் ஓசை 45 டெசிபலைக் கடத்தல் ஆகாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. விதி இருப்பது உண்மையே. ஆயினும், அயல்வீட்டுப் பிள்ளைகள்மீது வாரந்தோறும் காவல் நிலையத்தில் முறையிட்டு வாழ்வது ஒரு வாழ்வாகுமா? ‘வேண்டா’ என்ற முடிவுடனே அம்மையார் அன்றிரவு திரும்பினார்.

தரகரிடம் அம்முடிவைச் சொல்ல மூன்றாம் முறை சென்றபோது, மாணவன் ஒருவன் தெருக்குழாயிலிருந்து இரண்டு குடங்களில் நீர் சுமந்து வரக் கண்டார்.

“வீட்டில் நீர் இல்லையா, தம்பி?”

“மோட்டார் பழுதாகி இருபது நாள் ஆயிற்று, அம்மா.”

“வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையா?”

“பலமுறை சொன்னோம். அவர் வெளியூரில் இருக்கிறார். வாடகை நாளில்தான் அவர் குரலைக் கேட்கிறோம்.”

ஒப்பந்தம் எழுதப்படவில்லை, முன்பணத்திற்குச் சீட்டும் இல்லை. குப்பை வண்டி எந்நேரம் வரும் என்று எவரும் சொன்னதில்லை. வண்டிகளை உள்ளே நிறுத்தலாம் என்றால், முற்றத்தில் வீட்டுக்காரரின் பழைய மரச்சாமான்கள் குவிந்திருந்தன. அம்மையார் அவனுடைய பெயரையும் ஊரையும் வினவினார். அவன் விடை கூறிவிட்டு, “நாங்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது. இத்தெருவில் எங்கள் பெயரைக் கேட்டவர் நீங்களே முதல்வர்” என்றான்.

பத்தொன்பது வயதில் செவிலியர் பயிற்சிக்காக வேற்றூர் சென்ற நாள்கள் அம்மையாரின் நினைவுக்கு வந்தன. தனித்து வாழும் பெண்களுக்கு வீடு இல்லை என்று ஆறு வாயில்கள் அன்று அவர்முன் மூடப்பட்டன. ஆயினும், அவர் அந்நினைவில் கரைந்து முடிவை மாற்றிக்கொண்டார் அல்லர். இரக்கம் வேறு, கிரயம் வேறு என்பதை அவர் அறிவார். அவர் எண்ணியது இது: இம்மாணவர் அடுத்த ஆண்டு இங்கு இரார்; இவர்களைவிட நல்லோரும் வரலாம், தீயோரும் வரலாம். மாறாமல் இருப்பவர் வீட்டுக்காரர் ஒருவரே. எனவே, ஆராய வேண்டியது மாணவரின் குணத்தை அன்று, வீட்டுக்காரரின் பொறுப்பையே.

அன்றே அவருடன் தொலைபேசியில் பேசினார். மோட்டாரைப் பழுது நீக்குதல், முற்றத்தைக் காலி செய்து வண்டிகளுக்கு இடம் தருதல், ஊரில் ஒருவரைப் பொறுப்பாக வைத்தல், ஒப்பந்தம் எழுதுதல் ஆகிய நான்கையும் கேட்டார். எழுத்துவடிவ ஒப்பந்தமின்றி வீட்டை வாடகைக்கு விடலாகாது என்பது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் விதியாகும்.

“தாங்கள் இன்னும் அந்த வீட்டை வாங்கவே இல்லையே!” என்றார் அவர், சினந்து.

“வாங்குவதா, விடுவதா என்பது தங்கள் விடையைப் பொறுத்தது” என்றார் அம்மையார்.

பத்து நாள் கழிந்தன. மோட்டார் ஓடியது, முற்றம் காலியாயிற்று, உறவினர் ஒருவர் பொறுப்பேற்றார். ஒப்பந்தம் மட்டும் எழுதப்படவில்லை. நான்கில் மூன்று நிறைவேறியதைக் கொண்டு, அவ்வீட்டுக்காரர் சொன்னால் கேட்கக் கூடியவர் என்று அம்மையார் தெளிந்தார். பத்திரங்களை முறைப்படி ஆராய்ந்து வீட்டை வாங்கினார். தாயாரின் கட்டிலை மேற்கு அறையில் இட்டார். மாணவரை அழைத்து, “பத்து மணி வரை பாடுங்கள், தம்பிகளே, அதன்பின் என் தாயார் உறங்க வேண்டும்” என்றார். அவர்கள் பெரும்பாலும் அவ்வாறே நடந்தனர். மறந்த நாள்களும் சில இருந்தன.

அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. மின்சாரம் நின்றது, காற்று தென்னைகளை வளைத்தது. மேற்கு அறையின் சன்னல் கதவு பெயர்ந்து மழை உள்ளே பாய்ந்தது. மாணவர் நால்வர் விளக்குடன் வந்து, முதியவரைக் கட்டிலோடு தூக்கிக் கீழ்புறத்து அறையில் வைத்தனர். சிற்பம் கற்கும் மாணவன் தன் கருவிகளைக் கொண்டு கதவைப் பொருத்திவிட்டுச் சென்றான்.

மறுநாள் வந்த தம்பி, “என் சொல் தவறாயிற்று, அக்கா” என்றார். “முழுவதும் தவறன்று; அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகள் வருவார்கள்” என்றார் அம்மையார். அவ்வாறே வந்தனர், அவர்கள் முன்னவரினும் ஆரவாரம் மிக்கவர்கள். ஒருமுறை பொறுப்பாளரை அழைக்கவும் நேர்ந்தது. ஆனால், அவர்கள் வந்திறங்கிய முதல்நாளே அம்மையார் வாயிலில் நின்று ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டறிந்தார். குப்பை வண்டி வரும் நேரத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

மென்சியசின் தாய் நல்ல அயலைத் தேடி மூன்றுமுறை குடிபெயர்ந்தார். எளியோர்க்கு அது இயல்வதன்று. அவர்கள் ஒருமுறையே வீடு வாங்குகின்றனர். ஆகவே, வாங்குமுன் அயலை நன்கு ஆராய்தல் வேண்டும். வாங்கியபின் தாமும் நல்ல அயலாராய் இருத்தல் வேண்டும். கிழக்கே இன்னாருடைய மனை என்று நம் பத்திரம் கூறுவதுபோல், மேற்கே நம் மனை என்று அவர்தம் பத்திரமும் கூறுகிறது அன்றோ?