கடல்பசுவைத் தேடி மெர்சிங்கிற்கு

பள்ளி விடுமுறைக்கு எங்கே போவது என்பதை இம்முறை முடிவு செய்தவள் எட்டு வயது மகள். கடல்பசுவைப் பற்றி ஏதோ ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, "நம்ம ஜொகூரிலேயே இருக்காம்பா, போய்ப் பார்க்கலாம்" என்று பிடிவாதமாக நின்றாள். சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு, ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங்கிற்குப் புறப்பட்டோம். அம்மாவும் உடன் வந்தார்.

ஏறக்குறைய 130 கிலோமீட்டர் பயணம். கோத்தா திங்கியைத் தாண்டிய பிறகு வழியெங்கும் செம்பனைத் தோட்டங்கள்தான். இரண்டு மணி நேரத்தில் தென்சீனக் கடலோரம் வந்து சேர்ந்தோம்.

மெர்சிங் சின்ன ஊர். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. இங்கு வருகிறவர்களில் பலர் தியோமான் தீவுக்குப் படகேறத்தான் வருகிறார்கள். முகத்துவாரம் ஆழமில்லாதது. அதனால் படகுகள் கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் புறப்படும். அந்த நேரம் நாளுக்கு நாள் மாறும்.

தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ரவா, பெசார், தெங்கா, சீபு, திங்கி, ஆவூர், பெமாங்கில் ஆகியவை ஜொகூரின் தீவுகள். 1994ஆம் ஆண்டு அரசிதழ் அறிவிப்பின்படி இவற்றைச் சுற்றியுள்ள கடல், கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. சுல்தான் இஸ்கண்டார் கடல் பூங்கா என்பது அதன் பெயர். கரையிலிருந்து 2 கடல் மைல் தூரம் வரை மீன் பிடிக்கக் கூடாது.

சீபு, திங்கி தீவுகளை ஒட்டிக் கடலடியில் புல்வெளிகள் இருக்கின்றன. கடல்பசு மேய வருவது அங்கேதான். மலாயில் இதை 'டுயோங்' என்பார்கள். 3 மீட்டர் வரை வளரும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். பெயரில் பசு இருந்தாலும் இதற்கு நெருங்கிய உறவு யானைதான்.

இரவுச் சாப்பாட்டின்போது மகள் இதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்த அம்மா, "அட, நம்ம ஆவுளியா!" என்றார். அம்மாவின் அப்பா இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மலாயாவுக்கு வந்தவர். ஆவுளியா என்ற பெயரைச் சிறுவயதில் நானும் கேட்டிருக்கிறேன். ஏதோ பேய் பிசாசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க கொள்ளுத் தாத்தா அதோட கறியைச் சாப்பிட்டிருக்காராம். அவ்வளவு ருசின்னு சொல்லுவாரு" என்றார் அம்மா. மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பாட்டியும் பேத்தியும் அன்றிரவு சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, தெற்கே ஒரு மணி நேரம் காரில் போய், தஞ்சோங் லேமான் படகுத்துறையில் சீபு தீவுக்குப் படகேறினோம். படகோட்டி ஐம்பது வயதைத் தாண்டிய மலாய்க்காரர். தீவை நெருங்கியதும் அவரிடம், "பாக் சிக், டுயோங் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போங்கள். கூடுதலாகப் பணம் தருகிறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, இயந்திரத்தின் வேகத்தை இன்னும் குறைத்தார்.

கடல்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விரைந்து வரும் படகைக் கண்டு அதனால் சட்டென்று விலக முடியாது. படகின் விசிறி உடம்பைக் கிழித்துவிடும் என்று அவர் விளக்கினார். மீன் வலையில் மாட்டினாலும் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஒரு பெண் கடல்பசு ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். ஒன்று போனாலும் பெரிய இழப்புதான்.

1999இல் ஜொகூரில் மீன்பிடிப் பொறியில் சிக்கிய ஒரு குட்டிக்கு 'சி தெனாங்' என்று பெயர் வைத்து நாடே கொண்டாடியது. தெனாங் என்றால் அமைதி. சில மாதங்களிலேயே அது இறந்துவிட்டது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்தது நினைவுக்கு வந்தபோது, கூடுதல் பணம் தருகிறேன் என்று சொன்னதற்கு வெட்கமாக இருந்தது.

படகை நிறுத்திவிட்டு, இடுப்பளவு நீரில் எங்களை இறக்கினார். புல்லை மிதிக்காமல் நீர்க்கண்ணாடி வழியாகக் கீழே பாருங்கள் என்றார். பச்சைப் புல்வெளிக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில், வளைந்து வளைந்து வெறும் மணல் கோடுகள். கடல்பசு புல்லை வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே போன தடம் அது. மகள் நீரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இந்தப் பகுதியில் கடல்பசுக்கள் எங்கெங்கே திரிகின்றன என்பதை விமானத்திலிருந்து கணக்கெடுத்து ஆராய்ந்தது மாரெசெட் அமைப்பு. 2012இல் தொடங்கப்பட்ட இதன் தோற்றுநர்களில் ஒருவர் நம் நாட்டு அறிவியலாளர் முனைவர் லூயிசா பொன்னம்பலம். தாத்தாவின் பழைய ஊர்ப்பக்கமும் காலம் மாறியிருக்கிறது. இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் பாக் விரிகுடாவில் அறிவித்தது. பரப்பளவு 448 சதுர கிலோமீட்டர்.

திரும்பும் வழியில் என் தம்பி தொலைபேசியில் அழைத்து, "கடல்பசுவைப் பார்த்தியா?" என்று மகளிடம் கேட்டான். "இல்ல சித்தப்பா. ஆனா அது சாப்பிட்டுட்டுப் போன இடத்தைப் பார்த்தேன்" என்றாள். பிறகு பாட்டியின் பக்கம் திரும்பி, "பாட்டி, கொள்ளுத் தாத்தாவுக்குப் புல்லு தின்ன தடம் தெரியுமா?" என்று கேட்டாள். ஜொகூர் பாரு வரும்வரை இருவரும் பேச்சை நிறுத்தவில்லை.

நீங்களும் போவதாக இருந்தால் மார்ச் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். நவம்பரில் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும். தீவுகளில் பல தங்குவிடுதிகளும் மூடியிருக்கும். படகு நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படகோட்டி மெதுவாக ஓட்டினால், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.