எண்ணெய் படிந்த சேறும் அதை மீட்கும் கைகளும்

எண்ணெய்க் கசிவுக்குப் பின் கடலோர ஈரநிலத்தில் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. நீரின்மேல் மிதக்கும் எண்ணெயை அள்ளி அகற்றுவது ஒன்று. எண்ணெய் இறங்கிய சேற்றையும், அதில் வேர்விட்ட அலையாத்தி மரங்களையும், அவற்றின் நிழலில் பெருகும் இறால், நண்டு, மீன்குஞ்சுகளின் வளர்ப்பிடத்தையும் மீட்டெடுப்பது மற்றொன்று. முதல் வேலைக்கு நாள் குறிக்கப்படுகிறது, லிட்டரிலும் டன்னிலும் கணக்கு எழுதப்படுகிறது, அதிகாரிகள் வந்து பார்வையிடுகிறார்கள். இரண்டாவது வேலை ஆண்டுக்கணக்கில் நீள்வதாலும், அதன் பலன் உடனே கண்ணில் படாததாலும், பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இவ்விரு வேலைகளுக்கும் உரிய கைத்திறன் கழிமுகத்தை அன்றாடம் மிதித்துப் பழகியவர்களிடமே உள்ளது என்பதையும், அத்திறன் நெருக்கடி நேரத்துக் கூலி வேலையாக மட்டுமே பயன்படுத்தப்படுகிறது என்பதையும் சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர் தெளிவாகக் காட்டுகிறது.

கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடமே எண்ணூர்க் கழிமுகம். ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து, ஓதம் ஏறும்போது உவர்ப்பு மிகுந்தும் மழைக்காலத்தில் குறைந்தும் காணப்படும் இந்நீர்ப்பரப்பில்தான் பக்கிங்காம் கால்வாயும் வந்து கலக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே ‘பிடபிள்யூ மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டபோது வெளியேறிய கனத்த எரிபொருள் எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்க, மீனவர்களும் மாணவர்களும் வாளிகளால் அதை அள்ளினார்கள். அந்த எண்ணெய் கடலிலிருந்து கரைக்கு வந்தது. 2023 டிசம்பரில் வந்ததோ எதிர்த்திசையிலிருந்து: மிக்ஜாம் புயல் கொட்டிய பெருமழையில், மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் நிறுவன வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய், வெள்ளநீரோடு பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. படலம் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை மதிப்பிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் ஆகிய ஊர்களின் படகுகள் கறுத்தன. கூழைக்கடாக்கள் சிறகில் எண்ணெய் தோய்ந்து பறக்க இயலாமல் நின்றன.

முதல் நாட்களில் எண்ணெயை அள்ளியவை பெரும்பாலும் மீனவர்களின் குவளைகளும் வாளிகளும் பிளாஸ்டிக் டிரம்களுமே ஆகும். எளிய வேலையாகத் தோன்றினாலும் இதற்கு நுட்பம் உண்டு. படகின் ஓரத்தில் குனிந்து அமர்பவர் குவளையை நீரில் முக்கக் கூடாது. அதன் வாயைச் சற்றே சாய்த்து, மேலே கிடக்கும் கரும்படலம் மட்டும் தானாக உள்ளே வழியும்படி நீர்மட்டத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு விரல் அளவு ஆழ்ந்துவிட்டாலும் எண்ணெயைவிட நீரே மிகுதியாக ஏறி டிரம் வீணாக நிரம்பும். படகோ ஒரு நடைக்குச் சில டிரம்களுக்கு மேல் தாங்காது. அலையால் கடையப்பட்ட எண்ணெய் நீரை உள்வாங்கிப் பழுப்பு நிறக் கூழாக மாறி, அளவில் மூன்று நான்கு மடங்கு பெருகிவிடுவதால், கசிந்ததைவிட அள்ள வேண்டியதே மிகுதியாகிறது. பின்னர் வந்த உறிஞ்சு லாரிகளும், எண்ணெய்ப் படலத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ‘ஸ்கிம்மர்’ கருவிகளும், எண்ணெயை வளைத்து ஒதுக்கும் மிதவைத் தடுப்பான ‘பூம்’களும் இவ்வேலையை விரைவுபடுத்தின என்றாலும், பூமை எங்கே எந்தச் சாய்வில் கட்டுவது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. நீரோட்டத்துக்கு நேர்க்குறுக்காகக் கட்டினால், ஓட்டம் வேகமெடுக்கும்போது எண்ணெய் தடுப்பின் அடியில் நழுவிவிடும். சாய்வாகக் கட்டி, ஓட்டம் தளரும் மூலைக்கு எண்ணெயைத் தள்ளிச் சென்றால்தான் அள்ள முடியும். அந்த மூலை எங்கே இருக்கிறது, ஓதம் திரும்பும்போது அது எங்கே இடம் மாறுகிறது என்பதை அந்நீரில் வலை விரித்தவர் சொல்லாமல் வேறு எவரும் அறிய இயலாது. மொரிசியசில் 2020-ஆம் ஆண்டு ‘வகாஷியோ’ கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்தபோது, அத்தீவின் மக்கள் கரும்புத் தோகையைத் துணியில் திணித்துத் தைத்துத் தாங்களே மிதவைத் தடுப்புகளைச் செய்ததும் இத்தகைய உள்ளூர் அறிவின் வெளிப்பாடே ஆகும்.

எண்ணூரில் 105.28 கிலோலிட்டர் எண்ணெய் கலந்த நீரும், 393.5 டன் எண்ணெய்க் கசடும் அகற்றப்பட்டதாக அரசுத் தரப்பின் கணக்கு கூறியது. இக்கணக்கில் சேராத பகுதி சேற்றுக்குள் உள்ளது. எண்ணெயின் இலேசான கூறுகள் ஓரிரு நாட்களில் ஆவியாகிவிட, கனத்த கூறுகள் வண்டலோடு ஒட்டி அடியில் படிகின்றன. நண்டு வளைகள் வழியே அவை மேலும் ஆழத்துக்கு இறங்குகின்றன. எண்ணெயைத் தின்று சிதைக்கும் நுண்ணுயிர்கள் இயற்கையிலேயே உண்டு எனினும், அவற்றில் வேகமாக வேலை செய்பவை ஆக்சிஜன் இன்றி இயங்க மாட்டா. சதுப்புச் சேற்றிலோ மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் அற்றுப்போகிறது. பனாமாவில் 1986-ஆம் ஆண்டுக் கசிவின் எண்ணெய் அலையாத்திச் சேற்றில் பல ஆண்டுகளுக்குப் பின்னும் காணப்பட்டதற்கு இதுவே காரணம். மரத்துக்கு நேரும் கேடும் இதனோடு தொடர்புடையது. எண்ணூர்ப் பகுதியில் மிகுதியாக உள்ள வெண்கண்டல், மூச்சுவிட முடியாத சேற்றில் வாழ்வதற்காகத் தன் வேர்க்கிளைகளை மண்ணுக்கு மேலே செங்குத்தாக நீட்டுகிறது. மூச்சுவேர் எனப்படும் இவற்றின் பட்டையில் உள்ள நுண்துளைகள் வழியாகவே காற்று அடிவேருக்குச் செல்கிறது. எண்ணெய் அத்துளைகளை மூடிவிட்டால் மரம் உடனே சாவதில்லை. இலை உதிர்த்து, மாதக்கணக்கில் நலிந்து சாகிறது. எனவே கசிவு முடிந்த மாதத்தில் பச்சையாக நிற்கும் மரத்தைக் காட்டிக் காடு தப்பிவிட்டது என்று கூறுவது பிழை. எண்ணெய்க் கசிவுக்கு எளிதில் ஆட்படும் கரைகளை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் உலக வழக்கில் அலையாத்திக் காட்டுக்கும் உவர்ச் சதுப்புக்கும் 10 என்னும் உச்ச எண் தரப்பட்டிருப்பதும் இதனாலேயே ஆகும்.

இங்கே துப்புரவே கேடாக மாறும் அபாயம் உண்டு. இத்துறையின் மிக முக்கியமான பாடமும் அதுவே. 1978-ஆம் ஆண்டு பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் ‘அமோகோ காடிஸ்’ கப்பல் உடைந்து இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் வெளியேறியபோது, இல் கிராந்த் பகுதிச் சதுப்பில் கனரக இயந்திரங்கள் எண்ணெயோடு மேல்மண்ணையும் சுரண்டி எடுத்தன. சுரண்டாமல் விடப்பட்ட சதுப்பு சில ஆண்டுகளில் துளிர்த்துவிட, சுரண்டப்பட்ட பகுதி மண்மட்டம் தாழ்ந்து, செடி பற்ற இடமின்றி, அதைவிடப் பல ஆண்டுகள் பின்தங்கியது. அலாஸ்காவில் 1989-ஆம் ஆண்டு ‘எக்சான் வால்டெஸ்’ கசிவுக்குப் பின் பாறைக் கரைகளைச் சுடுநீர் பீய்ச்சிக் கழுவியதில், எண்ணெய்க்குத் தப்பிய உயிர்களும் மடிந்தன. சதுப்பில் நடக்கும் ஒவ்வொரு காலடியும் மேலே கிடக்கும் எண்ணெயைக் கீழே அழுத்துகிறது என்பதால், பலகை இட்டு அதன்மேல் நடப்பது, உறிஞ்சு துணியால் மூச்சுவேரை ஒற்றி எடுப்பது, ஓதம் வற்றும் நேரத்தில் குறைந்த விசையில் நீர் பாய்ச்சிப் படலத்தை வெளியேற்றுவது, சில இடங்களை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது ஆகியவை இக்கலையின் அடிப்படைகளாகின்றன. எங்கே கை வைக்கக் கூடாது என்று அறிவதற்கே மிகுந்த பயிற்சி தேவைப்படுகிறது.

அள்ளிய கசடுக்கு வேறு வழி உண்டு. தில்லியைச் சேர்ந்த டெரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்சாப்பர்’ என்னும் நுண்ணுயிர்க் கலவை, எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கும் ஐந்து பாக்டீரியா வகைகளை மக்காச்சோளத் தக்கைத் தூளில் ஏற்றித் தயாரிக்கப்படுவது; குழியில் பரப்பிய கசடோடு அதைக் கலந்து, ஈரமும் காற்றும் கிடைக்கும்படி அடிக்கடி கிளறிவிட வேண்டும். ஓதநீர் வந்துபோகும் கழிமுகத்தின் நடுவில் இதைத் தூவுவதால் கிடைக்கும் பலன் குறைவே.

மீட்டெடுப்பின் இரண்டாம் கட்டமான மரம் வளர்ப்பில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவம் உண்டு. பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் 1990-களில் மேற்கொண்ட பணி அதற்கு எடுத்துக்காட்டு. அங்குச் சீர்கேட்டுக்குக் காரணம் எண்ணெயன்று, பழைய மரவெட்டு. காடு அழிந்த நிலம் காய்ந்து நடுவில் குழிவிழ, அதில் தேங்கிய ஓதநீர் ஆவியாகி உப்பு மிஞ்சியது. அந்த உப்பில் எதுவும் முளைக்கவில்லை. அதற்குக் கண்ட தீர்வே மீன்முள் வாய்க்கால்: இயற்கை ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்காலை வெட்டி, அதன் இரு புறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களைப் பிரித்துவிட்டால், ஓதநீர் நாள்தோறும் ஏறி இறங்கி உப்பைக் கழுவிச் செல்கிறது. வாய்க்காலின் சரிவில் நடப்படும் வெண்கண்டல் நாற்று ஓதம் ஏறும்போது நனைந்தும் வற்றும்போது காற்றுவாங்கியும் இருக்க வேண்டும். ஒரு சாண் கீழே நட்டால் மூழ்கி அழுகும், ஒரு சாண் மேலே நட்டால் உப்பில் கருகும். அந்த ஒரு சாணைச் சரியாகக் காட்டுவது சேற்றில் படிந்திருக்கும் நீர்த்தடம். அத்தடத்தைக் கண்ணால் படிப்பவர் கரையோரச் சிற்றூரின் ஆணும் பெண்ணுமே. எண்ணெய் படிந்த நிலத்திலும் விதி இதுவே: நீர் தடையின்றி ஏறி இறங்கினால்தான் சேற்றுக்கு ஆக்சிஜன் போகும், நுண்ணுயிர் வேலை செய்யும், நாற்று பற்றும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடிட்டிருப்பதும், ‘காக்கா ஆழி’ என்று மீனவர்கள் அழைக்கும் அயல்நாட்டுச் சிப்பி அடித்தளத்தை மூடிப் பரவியிருப்பதும் நீங்காமல், நாற்று நட்ட எண்ணிக்கையை மட்டும் அறிவிப்பது மீட்டெடுப்பு ஆகாது.

இவ்வேலையைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2023 கசிவுக்குப் பின் தமிழ்நாடு அரசு 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. பருவமழையை அடுத்த மாதங்கள் கழிமுகத்தில் இறால் கிடைக்கும் முக்கியமான பருவம். இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குப் படகும் இல்லை, எண்ணெய் படாமல் தொழில் செய்ய வழியும் இல்லை. எண்ணெய் ஊறிய வலையைக் கழுவி மீட்பதும் அரிது. தொடக்க நாட்களில் பலர் கையுறையும் முகக்கவசமும் இன்றியே எண்ணெயை அள்ளினர். பென்சீன் போன்ற நச்சு ஆவிகள் மிகுந்து எழுவது அந்த முதல் நாட்களில்தான் என்பதால், கவசம் ஒரு வாரம் பிந்தி வருவது வராமைக்குச் சமம். ஒரு முறை தரப்படும் நிவாரணத் தொகை இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்யலாம்; சேறு ஆறும் ஆண்டுகளுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ கசிவுக்காக 2016-இல் இறுதி செய்யப்பட்ட உடன்பாட்டில், இயற்கை வளங்களை மீட்பதற்கென்றே 880 கோடி டாலர் வரை தனியே ஒதுக்கப்பட்டு, அத்தொகை பல ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலுத்தப்படுகிறது. இந்தியாவிலும் 2010-ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டோடு சுற்றுச்சூழலை மீளமைப்பதற்கும் ஆணையிட இடம் தருகிறது. அந்த இடம் இதுவரை போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

கடலோரத்து வேலை கடலோரத்தோடு முடிவதில்லை. கடலிலிருந்து வெகு தொலைவில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள போச்சம்பள்ளியின் வயல்களுக்குப் பாரூர் ஏரி வழியாக நீர் தரும் தென்பெண்ணை ஆறு, கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூரின் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டு, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே கழிமுகமாக விரிகிறது. வட அமெரிக்கக் கடற்பரப்பில் சேரும் எண்ணெயை ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை, கப்பல் விபத்துகளைவிட நிலத்திலிருந்து மழைநீரோடு வழியும் எண்ணெயே மிகுதி என்று கண்டது. ஓசூரிலும் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் சிப்காட் வளாகங்கள் பெருகி, தேசிய நெடுஞ்சாலை நெடுகிலும் லாரிப் பட்டறைகள் நிறைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இக்கூற்று நேரடியாகப் பொருந்தும். பட்டறைத் தரையில் கொட்டும் கழிவு ஆயில் முதல் மழையில் ஓடைக்கும், ஓடையிலிருந்து ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிறது. அதை அபாயகரமான கழிவாக வகைப்படுத்தி, அனுமதி பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஏரியில் மீன் பிடிப்பவருக்கும் எண்ணூரில் இறால் தடவுபவருக்கும் வேண்டுவது ஒன்றே: மேலேயிருந்து எண்ணெய் இறங்காமை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. எண்ணெய் ஆலையும் துறைமுகமும் உள்ள ஒவ்வொரு கழிமுகத்திலும், அந்நீரில் தொழில் செய்யும் ஆண்களையும் பெண்களையும் கொண்ட நிலையான மீட்புக் குழு ஒன்றை அரசு அமைத்து, பூம், உறிஞ்சு துணி, கையுறை, முகக்கவசம் ஆகியவற்றை ஊரிலேயே இருப்பு வைத்து, ஆண்டுதோறும் பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் அளிக்க வேண்டும். கசிவுக்குப் பின் வாய்க்கால் வெட்டுவதற்கும் நாற்று நட்டுக் காப்பதற்கும் சேற்றைத் தொடர்ந்து சோதிப்பதற்கும் அதே குழுவுக்குக் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கான ஊதியத்தை, மாசுபடுத்தியவரிடமிருந்து பெற்று வழங்க வேண்டும். அடுத்த பெருமழைக்கு முன் இது நடைபெற வேண்டும்.