அடுத்த வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி

தற்கொலைச் செய்தி ஒன்று வந்து சேரும்போது, அதற்கான காரணமும் கூடவே வந்துவிடுகிறது. தேர்வில் தோல்வி, கடன், காதல், குடும்பத் தகராறு. நாளிதழ்கள் அதை ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. புனைகதை வாசிக்கும் நாங்கள் இன்னும் சில பக்கங்கள் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவே.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவரை இவ்விதம் இழந்தபின், மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் கூடி ஆளுக்கொரு காரணம் சொன்னோம். வேலை போனதுதான் என்றார் ஒருவர்; தனிமை என்றார் மற்றொருவர். எதுவும் பொய்யில்லை. அதுவரை பேசாதிருந்த நண்பர் மட்டும் கேட்டார்: "வேலை போனவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருப்பார்களே. அவர்கள் எல்லோரும் வாழ்ந்துகொண்டுதானே இருக்கிறார்கள்?"

உளவியல் ஆய்வுமுறையின் அடிப்படையே இந்தக் கேள்விதான் என்பது, மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் ஆய்வுகளைப் படித்தபோது எங்களுக்கு விளங்கியது. 1986-இல் சென்னையில் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவியவர் அவர். எஸ். ராஜ்குமாருடன் இணைந்து 1999-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, சென்னையில் தற்கொலையால் இறந்த 100 பேரைப் பற்றியது. இறந்தவரை நன்கறிந்தவர்களிடம் பேசி, அவருடைய கடைசிக் காலத்தையும் மனநிலையையும் தொகுத்தறியும் முறை இது. உளவியல் பிரேதப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். இதுவரை நாவலாசிரியரும் செய்யக்கூடியதே. ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். வயது, பால், வசிப்பிடம் ஆகியவற்றில் இறந்தவர்களை ஒத்த, உயிரோடிருக்கும் 100 பேரைப் பற்றியும் விசாரித்தார்கள்.

இரண்டு நூறுகளையும் அருகருகே வைத்தபோது மூன்று வேறுபாடுகள் துலங்கின: மனநோய், குடும்பத்தில் மனநோய் வரலாறு, அண்மையில் நேர்ந்த வாழ்க்கைச் சம்பவங்கள். ஆகவே நாங்கள் சொன்ன காரணங்கள் வீண் அல்ல; தனித்து நின்று எதையும் விளக்கப் போதாதவை மட்டுமே.

இம்முறைக்கும் எல்லை உண்டு. சென்னையில் இறந்தவர்களில் 88 சதவீதத்தினருக்கு மனநோய் இருந்ததாகத் தெரிந்தது. இதே முறையில் பெங்களூரில் நடந்த ஆய்விலோ அது 43 சதவீதம். இரண்டு நகரத்து மனங்களும் இவ்வளவு வேறுபட்டவையா? அல்லது கேள்வியும் கேட்டவரும் அளவுகோலும் வேறா? இறந்தவரிடம் எதையும் சரிபார்க்க முடியாது. உறவினரின் நினைவில் துக்கம் தன் கதையைக் கலந்துவிடும்.

எது காக்கும் என்று அறிய வேறொரு வடிவம் தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை, ஆய்வாளரின் விருப்பம் குறுக்கிடாதபடி குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதனுடன் ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பும். அக்காலத்தில் தற்கொலையால் இறந்தோர் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம்.

ஒன்பது விசாரிப்புகள். இதில் எந்த மருந்தும் இல்லை, தத்துவமும் இல்லை. யாராவது பேசியிருந்தால் பிழைத்திருப்பார் என்று துக்க வீடுகளில் சொல்கிறோம். அது ஆறுதல் வார்த்தையா, உண்மையா என்று நமக்குத் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்கு, விசாரிக்கப்படாத ஒரு பாதியும் அந்த ஆய்வில் இருக்க வேண்டியிருந்தது. இலக்கியம் ஒருவரின் பெயரைச் சொல்லி அழ வைக்கும். பெயரில்லாத அந்தப் பாதிக்கு நாம் பட்ட கடனை எப்படிச் சொல்வதென்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதை வாசிப்பவர்களில் யாருக்கேனும் பாரம் அதிகமாயிருந்தால் ஸ்நேகாவை 044-24640050 என்ற எண்ணிலும், அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பாரம் இல்லாதவர்கள், நெடுநாள் பேசாத நண்பர் ஒருவரை அழைக்கலாம்.