தோட்டத்துப் பள்ளம்

விருதுநகரில் உபாத்தியாயராக இருக்கும் எனக்கு வெடிச் சத்தம் புதிதல்ல. ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் மயிலாப்பூரில் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் கண்ட பள்ளம் ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. பாதி தூர்ந்த அந்தப் பள்ளத்தில் வாழை செழித்து நிற்கிறது.

"யுத்த காலத்துப் பதுங்கு குழி, தம்பி!" என்றார் தொண்ணூறு வயதுப் பெரியவர்.

1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு வீசின. சென்னை நடுங்கிற்று. சர்க்கார் காரியாலயங்களே உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. ரயிலில் இடம் கிடைத்தவர்கள் புறப்பட்டார்கள். மற்றவர்கள் மண்வெட்டி எடுத்தார்கள்.

"1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்தே விட்டது. அப்போது குழி நிறைய மழைத் தண்ணீர். தவளைதான் பதுங்கிற்று!" என்று சிரித்தார் பெரியவர்.

ஊர் திரும்பிச் சிவகாசிச் சாலையில் பஸ்ஸில் போனேன். பட்டாசு ஆலைகளிலும் மருந்துக் கிடங்கைச் சுற்றி மண்மேடு எழுப்புவதுண்டு. வெடியின் வேகத்தை மண் தாங்கும் என்ற அதே யுக்திதான். ஆனால் சென்னையில் விமானம் வருமுன் அபாயச் சங்கு ஊத வழி இருந்தது. மருந்து உராய்ந்து பற்றும் கணத்துக்குச் சங்கு ஏது? 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர்; உதவிக்கு ஓடியவர்களும் அவர்களில் உண்டு.

என் மாணவர் சிலரின் தாய்மார்கள் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். தூரத்தில் சத்தம் கேட்டால் அந்தப் பிள்ளைகள் பாடத்தை விட்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள். புகை எந்தத் திசையில் எழுகிறது என்று தெரியும்வரை நானும் பாடத்தைத் தொடர்வதில்லை.