சண்டை போடாத படை: லோயர் கேம்ப் சொல்லும் கதை

தேனியிலிருந்து குமுளி பஸ் ஏறினால், ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிடுங்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் வரிசையாக வரும். வழியெங்கும் நெல் வயல், தென்னை, வாழை, திராட்சைப் பந்தல். கூடலூரைத் தாண்டினால் லோயர் கேம்ப். அதற்குமேல் மலைப்பாதை.

இந்தப் பசுமைக்குப் பின்னால் ஒரு ராணுவக் கதை இருக்கிறது. ஆனால், அதில் சண்டை இல்லை.

பழைய போர்களை மைதானத்தில் நடத்திப் பார்க்கும் 'ஏர்சாஃப்ட்' விளையாட்டு வெளிநாடுகளில் பிரபலம். 1970-களில் ஜப்பானில் தொடங்கியது. அந்தக் காலச் சீருடை அணிந்து, 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டுக்கொள்வார்கள். எல்லோரும் சுடுவதற்கே வந்து நின்றால் ஆட்டம் சீக்கிரம் சலித்துவிடும். அதனால் மருத்துவ உதவியாளர், தகவல் கொண்டுசெல்பவர், பாலம் கட்டுபவர் என சுடாத பாத்திரங்களையும் சேர்க்கிறார்கள். அடிபட்டவர், மருத்துவ உதவியாளர் வந்து கட்டுப் போடும்வரை எழக்கூடாது. பாலம் முடியாமல் படை ஆற்றைக் கடக்கக்கூடாது.

'துப்பாக்கி இல்லாமல் என்ன ராணுவ விளையாட்டு?' என்று கேட்பவர்களை லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குத்தான் அழைத்துவர வேண்டும். 2013 ஜனவரி 15-ல் திறக்கப்பட்ட இந்த மண்டபத்தில் சிலையாக இருக்கும் கர்னல் ஜான் பென்னிகுவிக், பிரிட்டிஷ் ராணுவத்தின் 'ராயல் இன்ஜினீயர்ஸ்' அதிகாரி. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பியவர்.

தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டிய பிறகு, இத்திட்டம் வேகமெடுத்தது. 1886-ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1887-ல் வேலை தொடங்கி, 1895-ல் அணை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள் மதராஸ் பயோனியர்ஸ் படையினர். துப்பாக்கிப் பயிற்சியும் உண்டு, காடு வெட்டிப் பாதை போடும் பயிற்சியும் உண்டு. இங்கே அவர்களுக்குத் தேவைப்பட்டது இரண்டாவதுதான்.

இந்தக் கதையை விளையாட்டாக்கினால் எத்தனை பாத்திரங்கள்! பொருள் ஏற்றிவரும் மாட்டுவண்டிக்காரர், மலை உச்சிக்குச் சரக்கு இழுக்கும் கம்பிவடத்தை இயக்குபவர், படகோட்டி, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலப்பவர், கொத்தனார், தச்சர், சமையல்காரர், வைத்தியர். எதிரி? வெள்ளம், காட்டு விலங்குகள், எல்லாவற்றையும்விட மலேரியா. இந்த ஆட்டத்தில் அதிக வேலை வைத்தியருக்குத்தான்.

விளையாட்டில் விழுந்தவர், கட்டுப் போட்டதும் எழுந்துவிடுவார். பெரியாற்றுக் காட்டில் நோயில் விழுந்த பல நூறு பேர் எழவில்லை. அணைக்கு அருகிலேயே அவர்களுக்குக் கல்லறைகள் உண்டு.

இன்று தேனி பேருந்து நிலையத்துக்குப் பென்னிகுவிக் பெயர். அவர் பிறந்தநாளான ஜனவரி 15-ல் இந்தப் பக்கத்து ஊர்களில் அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அது அவருக்கு உரிய மரியாதைதான். ஆனால், மண் சுமந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் பெயர்கள் கம்பத்துக்காரர்களுக்கே தெரியாது. வரலாற்று விளையாட்டில் ஒரு பிள்ளை வண்டிக்காரராகவோ வைத்தியராகவோ ஒரு நாள் நின்று பார்த்தால், 'அவர்கள் யார்?' என்ற கேள்வியாவது வீட்டுக்கு வரும்.

அணைக்கு அனுமதியின்றிப் போக முடியாது. தேக்கடியில் படகுச் சவாரி போகும் ஏரி, அந்த அணை தேக்கிய தண்ணீர்தான். லோயர் கேம்ப்பிலேயே இறங்கினால், மலையைக் கடந்து வந்து, மின்சாரம் தந்துவிட்டு, வயல்களைப் பார்த்து ஓடும் அதே தண்ணீரைப் பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சிலையைக் காட்டும்போது, அந்த வண்டிக்காரரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.