வாத்துதான் நம்ம பக்கம் வரணும்!

சங்கரன்கோவில் என்றதும் ஆடித்தபசும், கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணும், அப்படியே பிரியாணி வாசமும் நினைவுக்கு வரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றுவட்டாரக் குளங்கள் பெருகிவிட்டால் இன்னொரு கூட்டமும் இங்கே வந்து சேரும். காட்டு வாத்துகள்!

மஞ்சள் நுனி அலகும், அதன் அடியில் சிவப்புப் பொட்டும் கொண்ட புள்ளிமூக்கு வாத்து நம்ம ஊர்க்காரர். பறக்கும்போதே விசில் அடிக்கும் சீழ்க்கைச் சிறகியும் அப்படித்தான். கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை தீட்டிய நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, கரண்டி போன்ற அலகுள்ள தட்டைவாயன் ஆகியவை பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகள்.

இவற்றைப் படம் பிடிக்கக் கேமராவோடு குளத்துக்கு வருபவர்கள் முதலில் செய்யும் தவறு, வாத்தை நோக்கி நேராக நடப்பது. நூறு அடி நெருங்குவதற்குள் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். ஆனால் அதே கரையில் ஆடுகள் மேயும், மேய்ப்பவரும் நடப்பார். வாத்துகள் அசையாது. காரணம் கேட்டால், "நேரா அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டுப் போனா அது இருக்குமா தம்பி? ஒரு ஓரமா உக்காருங்க, அதுவா வரும்" என்பார்கள் ஆடு மேய்க்கும் பெரியவர்கள். வாத்துப் படக்கலையின் மொத்தப் பாடமும் இதில் அடங்கிவிடுகிறது.

விடியும் முன் உட்கார வேண்டும்

பல வாத்துகள் இரவில் வயல்களிலும் ஆழமில்லாத நீரிலும் இரை தேடும். விடியும்போது குளத்துக்குத் திரும்பி, பகலில் ஓய்வெடுக்கும். ஆகவே இருட்டு விலகும் முன்பே இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டால், திரும்பி வரும் கூட்டம் ஆளைப் பொருட்படுத்தாமல் அருகிலேயே இறங்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் பகுதியில் நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் குளத்துக் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். காலையில் அங்கே இருந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். வெளிச்சம் முழுக்க வாத்தின் மேல். ஆனால் கரையின் உச்சியில் நிற்கக் கூடாது. வானத்தின் பின்னணியில் ஆள் உருவம் தெளிவாகத் தெரிந்துவிடும். நீர்ப்பக்கச் சரிவில் இறங்கி, ஒரு கருவேலம் புதரை ஒட்டி, மங்கலான நிற உடையில் உட்கார்வதே சரி. கேமரா நீர்மட்டத்துக்கு எவ்வளவு தாழ்கிறதோ, படம் அவ்வளவு அழகு. சாலையோரக் குளமென்றால் காரை விட்டு இறங்காமலே எடுக்கலாம். பெரிய லென்ஸ் இல்லையா? பைனாகுலரின் கண்ணாடியில் செல்போன் கேமராவைப் பொருத்திப் பாருங்கள்.

கழுத்து நீண்டால் போதும், நிறுத்துங்கள்

மேய்ந்துகொண்டிருந்த வாத்து தலை தூக்குகிறது, கழுத்தை நீட்டுகிறது, கூட்டம் நெருங்கிச் சேர்ந்து விலகி நீந்துகிறது. 'இதற்கு மேல் வராதே' என்பதற்கான அடையாளங்கள் இவை. அசையாமல் இருக்க வேண்டும், அல்லது மெல்லப் பின்வாங்க வேண்டும். பறக்கும் படம் வேண்டும் என்று கல் எறிவதும், டிரோன் விடுவதும் பெரும் கொடுமை. பங்குனி வாக்கில் வடக்கே திரும்பும் பயணத்துக்கு உடம்பில் சேர்க்கும் கொழுப்புதான் அவற்றுக்கு எரிபொருள். நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் கரைகிறது. குஞ்சுகளோடு திரியும் தாய் வாத்தை நெருங்கினால், குஞ்சுகள் சிதறிப் பருந்துக்கு இரையாகலாம்.

கூந்தன்குளம் சொல்லும் பாடம்

பறவைகளை மிக அருகில் பார்க்க ஆசைப்படுபவர்கள், சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி வழியாக நாங்குநேரி பக்கமுள்ள கூந்தன்குளம் போகலாம். 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். 2022-ல் ராம்சர் தளமாகவும் அறிவிக்கப்பட்டது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை இங்கே காணலாம். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்று நம்பும் மக்கள், அவை மிரளுமென்று வெடி வெடிப்பதைத் தவிர்க்கிறார்கள். பறவைகள் அங்கே பக்கத்தில் வருவதற்குக் காரணம் தலைமுறைகளாகச் சேர்த்த அந்த நம்பிக்கைதான்.

சங்கரன்கோவில் பக்கத்துக் குளங்களுக்கும் அது வாய்க்கலாம். 2011 முதல் ஜனவரி மாதங்களில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் பொதுமக்களும் மாணவர்களும் குளம் குளமாகப் போய்ப் பறவைகளை எண்ணுகிறார்கள். இந்தப் பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளை ஒருநாள் விடியற்காலையில் குளக்கரைக்கு அழைத்துப் போங்கள். முதல் அரைமணி நேரம் கேமராவை வெளியே எடுக்காமல் சும்மா உட்காருங்கள். அதுவா வரும்!