பலத்தைக் காட்டும் இடம் அதுவல்ல

முகப்பேரிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் பிள்ளைகள் சிஎன்சி, ரோபோ என்று பேசிக்கொண்டு போகிறார்கள். ஆனால் சின்னப் பட்டறைகளில் லாரியிலிருந்து இரும்பு இறங்குவதும் மெஷின்மேல் வார்ப்பு ஏறுவதும் இன்னும் பெரும்பாலும் கையால்தான். அந்தப் பேட்டையில் உழைத்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: சுமை தூக்குமிடத்தில் பலத்தைக் காட்டாதீர்கள்.

எங்கள் காலத்தில் தனியாளாகத் தூக்குபவனுக்குத்தான் பேர். ‘பயில்வான்’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே பலருடைய இடுப்பை ஒடித்தார்கள். நாற்பது வயதில் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போனவர்களை நான் அறிவேன்.

உடம்புக்குள் நடப்பது எளிய கணக்கு. மார்போடு அணைத்த எடையைவிட, கையை நீட்டிப் பிடித்த அதே எடை முதுகெலும்பைப் பல மடங்கு அழுத்தும். தரையிலிருந்து குனிந்து எடுத்து, நின்றபடியே இடுப்பைத் திருப்பினால் கேடு இன்னும் அதிகம். ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967 பரிந்துரை. எல்லாம் தோதாக இருந்தாலும் 23 கிலோதான் என்கிறது 1991இல் திருத்திய அமெரிக்கக் கணக்கு.

குனிந்து தூக்கக் கூடாது என்பதை நம் முன்னோர் கல்லிலேயே எழுதிவைத்தார்கள். சாலையோரச் சுமைதாங்கியைத் தோள் உயரத்தில் நட்டது ஏன்? தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கவும், மறுபடி குனியாமல் ஏற்றவும்தான். பட்டறையிலும் பொருளைத் தரையில் போடாமல் இடுப்பு உயர மேசையில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

சுமை தூக்கச் செயின் பிளாக் வந்துவிட்டது என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. அது தாங்கும் எடை அதன்மேல் எழுதியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது இது. சுமையைக் கட்டித் தூக்கும் இரண்டு கால் ஸ்லிங்கை 120 டிகிரிக்கு விரித்தால், ஒவ்வொரு காலும் முழு எடையையும் தாங்க நேரிடும். தொங்கும் சுமைக்குக் கீழே நிற்பவனுக்கு எந்தத் தலைக்கவசமும் காவல் இல்லை.

முதலாளிகளே, டிராலி வாங்குவதைச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள். தம்பிகளே, ‘ஒரு கை கொடுங்கண்ணே’ என்று கேட்பதில் எந்த இழுக்கும் இல்லை. கை கொடுக்க ஆள் வரும்வரை அந்தச் சுமை அங்கேயே இருக்கட்டும்.